எல்லை தாண்டியது ஒரு வழக்கு, அடித்தது வேறு வழக்கு

வாசகர் கடிதம்:

மேடம், வேதாரண்யம் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் ஃபைபர் படகில் இன்னும் மூன்று பேரோடு தொழிலுக்குப் போகிறவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் கோடியக்கரைக்குத் தென்கிழக்கே வலை விட்டுக் கிடந்தபோது, நடுராத்திரியில் இரண்டு படகில் வந்தவர்கள் இவர்களைக் கம்பியால் அடித்துவிட்டு வலை, ஜிபிஎஸ், வாக்கி டாக்கி, செல்போன், பிடித்த மீன் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவருக்கு இடது மணிக்கட்டில் வெட்டு, ஏழு தையல். புகார் கொடுக்கலாம் என்றால், "நாம எல்லைகிட்ட போனதே தப்பு, எந்த மூஞ்சியோட போய்ப் புகார் கொடுக்கிறது" என்கிறார். ஊர்ப் பஞ்சாயத்தாரும் விட்டுவிடச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. தெருவில் மோட்டார் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். என் தம்பி நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகில் கூலிக்குப் போகிறான். போன வருடம் இலங்கை நேவி பிடித்து, யாழ்ப்பாணம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். மறுபடியும் அதே படகில் போகிறான். இப்போதெல்லாம் நம்ம நேவி கப்பலைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது என்கிறார்கள். பெரிய பையனுக்கு 18 வயது, அவனும் படகேறுகிறேன் என்று நிற்கிறான். நாங்கள் யாரிடம் போய் என்ன கேட்பது?

அன்புள்ள சகோதரிக்கு,

"எந்த மூஞ்சியோட போய்ப் புகார் கொடுக்கிறது." இந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன். நாகப்பட்டினத்தில் பல வருடமாக வக்கீல் தொழில் பார்க்கிறேன். கடலில் அடிபட்டு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இதே வார்த்தையை வேறு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கையில் கட்டு, தோளில் கம்பி பட்ட கறுப்பு, ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும்போது முகத்தில் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். திருடு கொடுத்தவர் மாதிரி பேசமாட்டார்கள், திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி பேசுவார்கள். இது உங்கள் வீட்டுக்காரர் ஒருவருடைய குணம் கிடையாது. கோடியக்கரையிலிருந்து பழையாறு வரைக்கும் இந்தக் கரையில் ஊறிப்போன பழக்கம்.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லை தாண்டுவது ஒரு குற்றம் என்றால், அதற்குத் தனிச் சட்டம், தனித் தண்டனை உண்டு. ஒரு மனிதனைக் கம்பியால் அடிப்பது, வெட்டுவது, சுடுவது வேறு குற்றம். முதலாவது நடந்திருந்தால்கூட இரண்டாவதற்கு அது மன்னிப்புச் சீட்டு ஆகாது. அடித்தது கொள்ளைக்காரனாக இருந்தாலும் சரி, சீருடை போட்டவனாக இருந்தாலும் சரி.

இது நான் ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. 1997இல் ஆப்பிரிக்கக் கடலில் சைகா என்று ஒரு கப்பலை கினி நாட்டு ரோந்துப் படகு சுட்டுப் பிடித்தது. அந்தக் கப்பல் செய்த வேலை, மீன்பிடிப் படகுகளுக்கு நடுக்கடலில் டீசல் விற்றது. வழக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. கடலில் சட்டத்தை அமல்படுத்தும்போது பலப்பிரயோகத்தை முடிந்தவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாமல் போனாலும் தேவைக்கு மேல் போகக்கூடாது, மனித உயிரை மதிக்க வேண்டும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. கினி 20 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. நம் கடலிலும் அப்படி ஒரு பேச்சு நடந்தது. இந்திய மீன்பிடிப் படகுகள் மீது சுடுவதில்லை என்று 2008 அக்டோபரில் இந்தியா, இலங்கை இரண்டு அரசுகளும் கூட்டறிக்கையில் ஒப்புக்கொண்டன. ஆனாலும் 2025 ஜனவரி 28ஆம் தேதி விடியற்காலையில் நெடுந்தீவுப் பக்கம் காரைக்கால் படகில் இருந்த 13 பேர் மீது இலங்கைக் கடற்படை சுட்டு, ஐந்து பேர் காயம்பட்டார்கள். டெல்லி அன்றைக்கே இலங்கையின் தற்காலிகத் தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. அந்தப் படகு எல்லையைத் தாண்டியிருந்ததா என்பது வேறு கேள்வி. சுட்டது தவறு என்று சொல்வதற்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

சரி, அந்த எல்லையைப் பற்றியும் பேசிவிடலாம். உங்கள் வீட்டுக்காரர் தன்மேல் போட்டுக்கொள்கிற பழியில் பாதி அங்கேதான் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தத்தில் பாக் நீரிணைக்குப் போட்ட கோடு, வடக்கு அட்சம் 10 பாகை 5 நிமிடம், கிழக்குத் தீர்க்கம் 80 பாகை 3 நிமிடம் என்ற புள்ளியில் தொடங்குகிறது. கோடியக்கரை முனையிலிருந்து கணக்குப் பார்த்தால் அது 30 கிலோமீட்டர்தான். அங்கிருந்து வங்கக் கடலுக்குள் போகும் கோடு 1976இல் போட்டது. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவிலேயே மொத்தம் 60 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு குறுகலான தண்ணீரில் மிதக்கிற வலையைப் போட்டுவிட்டு விடியும் வரைக்கும் காத்திருக்கிறவர்கள் நீங்கள்.

ஒருமுறை ஒரு பெரியவரிடம் "ஏன் ஐயா தாண்டினீங்க?" என்று நானும் கேட்டேன். டீ கிளாஸில் விரலை நனைத்து, என் மேஜைமேல் ஒரு கோடு போட்டார். "இது நம்ம கரைம்மா. சோழகம் அடிக்கிறப்போ நீவாடு இப்படி இழுக்கும். வலையை விட்டா அது நீவாட்டோட போகும். படகு வலையோட போகும். நாங்க படகோட போவோம். நடுவுல நீங்க சொல்ற கோடு எங்க கிடக்கும்?" என்று கேட்டார். சோழகம் என்றால் தென்காற்று, நீவாடு என்றால் நீரோட்டம். அதற்குள் அவர் போட்ட தண்ணீர்க் கோடு மேஜையில் காய்ந்துபோயிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

அதற்காக எல்லாமே நீரோட்டம் செய்த வேலை என்று நான் சொன்னால் அது பொய். விசைப்படகுகள் இழுவை மடியோடு, அதாவது கடலடியை வாரி இழுக்கும் வலையோடு, தெரிந்தேதான் அந்தப் பக்கம் போகின்றன. போருக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் முல்லைத்தீவிலும் கடனை வாங்கி வலை போட்டவர்கள், காலையில் போய்ப் பார்த்தால் வலை அறுந்து கிடக்கிறது என்று அழுகிறார்கள். அவர்களும் தமிழில்தான் அழுகிறார்கள். போர்க்காலத்தில் வருடக்கணக்காகக் கடலில் இறங்கவே விடாமல் ராணுவம் கட்டிப்போட்டிருந்த ஜனங்கள் அவர்கள். 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் அவர்களுடைய நியாயம் இருக்கிறது. இதை நம் ஊர்க் கூட்டங்களில் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஃபைபர் படகில் வலை விடுகிற உங்கள் வீட்டுக்காரருக்கு இந்த விஷயத்தில் பொறுப்பே கிடையாது. பெரிய படகின் மேல் இருக்கும் கோபத்துக்கும் சின்னப் படகுக்காரர்தான் முதலில் அடி வாங்குகிறார்.

இப்போது புகாருக்கு வருகிறேன். இரண்டு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம்: காயம், பயம், ஊர் சொன்னது. உள்ளதை உள்ளபடி எழுதலாம். கடலோரக் காவல் நிலையத்துக்கு, அதாவது மெரைன் போலீஸுக்குப் போங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, சம்பவம் எந்த எல்லைக்குள் நடந்தது என்று பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாக உங்களுக்குத் தர வேண்டும். வாங்க மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவைப்பார்கள், அதோடு நிம்மதியாகத் திரும்பிவிடாதீர்கள். அது மனு வந்ததற்கான ரசீது, வழக்கு பதிவானதற்கான காகிதம் வேறு.

கை தைத்த ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பி, அதாவது காயத்தைப் பதிந்த பதிவேட்டின் நகல் கேளுங்கள். எப்படிக் காயம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "வலை இழுக்கும்போது கயிறு அறுத்தது" என்று அவரே சொல்லி எழுத வைத்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். போலீஸ் வருமே என்ற பயத்தில் டாக்டரிடமே மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் அதையும் புகாரில் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது.

ஜிபிஎஸ் விஷயத்தில் ஒன்றைக் கவனித்தீர்களா? நீங்கள் எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தீர்கள் என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே பொருள் அதுதான். அதைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். விலைக்காக எடுத்தாலும் சாட்சியும் கூடவே போய்விடுகிறது. ஒருமுறை கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகைப் பார்க்கப் போனேன். ஜிபிஎஸ் இருந்த இடத்தில் நான்கு திருகாணித் துளைகளும் இரண்டு ஒயர் நுனிகளும்தான் இருந்தன. ஒயரைக் கழற்றக்கூட நேரமில்லாமல் கத்தியால் அறுத்திருந்தார்கள், செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. பக்கத்துப் பலகையில் ரத்தம் காய்ந்து மீன் செதிலோடு ஒட்டியிருந்தது. படகுக்காரர் அதைக் கழுவிவிடப் பக்கெட்டோடு வந்தார். இருங்கள் என்று சொல்லிப் போட்டோ எடுத்தேன். பின்னால் அவருடைய புகாரில் உருப்படியான சாட்சியாக நின்றது அந்தப் போட்டோதான். உங்கள் படகும் அநேகமாகப் புது ஜிபிஎஸ் மாட்டாமல்தான் கிடக்கும். இன்றைக்கே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி பக்கத்தில் வலை விட்டிருந்த மற்றப் படகுகளின் ஜிபிஎஸ்ஸில் தடம் இருக்கும், அவர்களையும் கேளுங்கள்.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது, அவனைப் பிடிக்கவா போகிறார்கள் என்று ஊரில் கேட்பார்கள். பிடிப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலில் இருந்த காவல் வீரர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கைப் பாருங்கள். கரைக்கு வந்ததும் நீண்டகரை கடலோரக் காவல் நிலையத்தில் புகார் பதிவானது. அந்த ஒரு காகிதத்தில் தொடங்கியதுதான் ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போய், 2021இல் உச்ச நீதிமன்றத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடாக முடிந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு ஆளுக்கு 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. வீரர்களை இங்கே தண்டிக்க முடியவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் புகாரே இல்லாத சம்பவத்தைப் பற்றி எந்த அரசும் எந்த மேஜையிலும் பேசாது. இரண்டு நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்து பேசும்போது எதிரே வைப்பதற்கு வழக்கு எண் வேண்டும்.

பஞ்சாயத்தார் விடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு படகு புகார் கொடுத்தால் மீன்துறையில் "எல்லைப் பக்கம் ஏன் போனீங்க" என்று கேட்டு, கடலுக்குப் போக எல்லாருக்கும் தரும் டோக்கனையே நிறுத்திவிடுவார்களோ என்று பயம். அதனால் தனியாகப் போகாமல், இதே மாதிரி அடிபட்ட மற்ற வீடுகளையும் சேர்த்துக்கொண்டு, பஞ்சாயத்தாரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். ஊரே புகார் கொடுத்தால் யாருடைய டோக்கனை நிறுத்துவார்கள்?

நம்ம நேவியைக் கண்டாலும் பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் காரணமில்லாமல் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். 2022 அக்டோபர் 21ஆம் தேதி பாக் நீரிணைப் பக்கம் இந்தியக் கடற்படைக் கப்பலில் இருந்து சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் படுகாயம் அடைந்தார். எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்று கடற்படை சொன்னது. வேதாரண்யம் கடலோரக் காவல் நிலையத்தில் கடற்படையினர் மேலேயே கொலை முயற்சி வழக்குப் பதிவானது. அடுத்த நாட்டு நேவி அடித்தால் அந்நியன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சொந்த நேவி சுடும்போது ஜனங்களுக்கு எந்தப் பக்கம் கை நீட்டுவது என்றே தெரியாமல் போகிறது.

இதில் ஒரு பொல்லாத சுழல் இருக்கிறது. கொள்ளைக்காரன் கண்ணில் படக்கூடாது என்று நம் ஆட்கள் ராத்திரியில் படகு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். விளக்கில்லாத படகு ரோந்துக் கப்பலின் கண்ணுக்குக் கடத்தல் படகாகத் தெரிகிறது. கப்பல் துரத்துகிறது, படகு கொள்ளைக்காரன் என்று நினைத்து ஓடுகிறது, ஓடுகிற படகின் மேல் சந்தேகம் இன்னும் கூடுகிறது. உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்: விளக்கு எரியட்டும். கப்பல் நெருங்கினால் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாரும் தெரிகிற மாதிரி கையைத் தூக்கி நிற்கட்டும். வாக்கி டாக்கியில் 16ஆம் சேனலில் படகின் பதிவு எண்ணைச் சொல்லட்டும். ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, மெரைன் போலீஸுக்கு 1093. ஆள் அடையாள அட்டையும் படகின் ஆர்.சி. நகலும் பாலிதீன் உறையில் படகிலேயே இருக்க வேண்டும். விளக்கு எரிந்தால் கொள்ளைக்காரன் வருவானே என்பார். தனியாகப் போகாமல் நான்கைந்து படகு ஒன்றாகக் கிடந்தால் அந்த ஆபத்து குறையும். இதற்குமேல் எனக்கும் நல்ல வழி தெரியவில்லை. ரோந்தைக் கூட்டுவது அரசின் வேலை, அதைக் கேட்டு மனு எழுத நான் உதவுகிறேன்.

உங்கள் தம்பி விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. அவன் "விடுதலை" ஆகிவரவில்லை என்பதை முதலில் அவனுக்குப் புரிய வைக்க வேண்டும். முதல் தடவை பிடிபடுகிறவர்களுக்கு அங்கே பெரும்பாலும் தண்டனை விதித்து அதை ஒத்திவைத்து அனுப்புகிறார்கள், பல வழக்குகளில் ஐந்து வருடத்துக்கு. பருத்தித்துறையிலும் ஊர்காவற்றுறையிலும் தமிழில்தான் தீர்ப்பு வாசிக்கிறார்கள். ஆனால் ஜெயிலில் இருந்துவிட்டு நிற்கிறவன் காதில் வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும்தான் விழுகிறது. அந்தக் காலத்துக்குள் இரண்டாம் தடவை பிடிபட்டால் ஒத்திவைத்த தண்டனையும் சேர்ந்து ஏறும். 2024 பிப்ரவரியில் படகு டிரைவர்களுக்கு ஆறு மாதம், இரண்டாம் தடவை பிடிபட்டவருக்கு ஒரு வருடம் என்று நிஜமாகவே ஜெயில் போட்டார்கள், அதை எதிர்த்துத்தான் ராமேஸ்வரத்தில் அந்த வருடக் கச்சத்தீவுத் திருவிழாவுக்கே போகமாட்டோம் என்றார்கள். படகின் டிரைவருக்கு இன்னும் கடுமை. 2018 திருத்தத்துக்குப் பிறகு 15 மீட்டருக்குக் குறைவான படகுக்கே அபராதம் இலங்கைக் காசில் 50 லட்சத்தில் தொடங்குகிறது.

தம்பியின் வழக்குக் காகிதம் ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். அவன் போகிற படகின் உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறானா என்றும் கேளுங்கள். அந்தக் கடனை அடைக்கத்தான் அதே படகில் போகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடன் காரணமாக ஆளை வேலையில் கட்டிவைப்பது 1976ஆம் வருடச் சட்டப்படி கொத்தடிமை முறை ஆகலாம், அதைத் தனியாகப் பேசுவோம். அவன் மறுபடி பிடிபட்டுவிட்டால் அன்றைக்கே மீன்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் 2010இலிருந்து இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, ஜெயிலில் போய்ப் பார்ப்பதும் வக்கீல் வைப்பதும் அவர்கள் வழியாகத்தான். ஜெயிலில் இருக்கும் நாட்களுக்குக் குடும்பத்துக்கு மாநில அரசின் தினசரி உதவித்தொகை உண்டு. 350 ரூபாயாக இருந்ததை 500 ஆக்குவதாக 2025இல் அறிவித்தார்கள்.

தூக்கம் பற்றி. நான் டாக்டர் இல்லை. ஆனால் எஞ்சின் சத்தத்துக்கு எழுந்து உட்காருவதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரிக் கடலில் சத்தத்தை வைத்துத்தான் எந்தப் படகு வருகிறது என்று அவர் இத்தனை வருடம் கண்டுபிடித்தார். அந்தக் காதுதான் இப்போது தெருவில் போகிற மோட்டாரிலும் அந்த இரண்டு படகைக் கேட்கிறது. சுனாமிக்குப் பிறகு நம் கரையில் வீடு வீடாக ஆள் வந்து மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கடலில் அடிபட்டு வருகிறவரிடம் அப்படி யாரும் கேட்பதில்லை, அது எனக்கு ஆறாத வருத்தம். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கொடுக்கிறார்கள், காசு கிடையாது. அவர் பேசமாட்டார் என்றால் முதலில் நீங்கள் பேசுங்கள். நீங்களும்தானே இரண்டு மாதமாகத் தூங்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பையன் விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். போகாதே என்றால் வேறு வேலை எங்கே என்று கேட்பான், அது நியாயமான கேள்வி. ஒன்று மட்டும் செய்யுங்கள். புகார் கொடுக்கப் போகும்போது அவனையும் அழைத்துப் போங்கள். அப்பா உட்கார்ந்து நடந்ததைச் சொல்வதை அவன் பக்கத்தில் நின்று கேட்கட்டும்.

செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, போனில் என்றால் 15100. புகாரை உங்கள் பெயரிலேயே எழுதலாம். அவர் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் முதல் நாள் நீங்கள் மட்டும் வாருங்கள். ஏ.ஆர். காப்பி, படகின் ஆர்.சி., வலையும் ஜிபிஎஸ்ஸும் வாங்கிய பில் இருந்தால் அது, படகைப் படம் எடுத்த போட்டோ, இவ்வளவு போதும். பில் இல்லையென்றால் வாங்கிய கடையின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் படகில் அறுந்து கிடக்கும் ஒயரை மட்டும் யாரையும் பிடுங்கிப் போட விடாதீர்கள்.